பெண்டு எடுப்பவரைக் கேட்டு ரிம் வாங்குங்கள்

முப்பதாயிரம் ரூபாய்க்குள் ஒரு ரோடு பைக்கைத் தானே சேர்த்துக் கட்ட நினைக்கிறவர், அந்தத் தொகையில் சக்கரத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, கல்பாக்கம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் கேள்வி இது. நான் இயந்திரவியல் கற்பிப்பவன். மாலை நேரங்களில் சக்கரம் கட்டுகிறவன். அதனால் கேட்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு கம்பெனியின் பெயரை. நான் சொல்வதோ அவர்களில் பலருக்குச் சப்பென்று இருக்கிறது: 32 ஸ்போக்ஸ் கம்பி போட்ட, பித்தளை நிப்பிள் உள்ள, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத அலுமினியச் சக்கரம் போதும். மிச்சமாகும் பணத்தில் பெரும்பகுதியை டயரில் போடுங்கள். கொஞ்சத்தை, அந்தச் சக்கரத்தைக் கையால் இறுக்கிச் சீர்செய்து தருகிறவருக்குக் கூலியாகக் கொடுங்கள்.

இதற்கு வரும் ஆட்சேபங்களில் பெரியதை முதலிலேயே எடுத்துக்கொள்கிறேன். குறைந்த செலவில் ரோடு பைக் வேண்டுமென்றால் கட்டவே கூடாது, முழு சைக்கிளாக வாங்கிவிட வேண்டும் என்பார்கள். கணக்குப்படி அது சரிதான். தொழிற்சாலை ஆயிரக்கணக்கில் வாங்கும் ஹப்பையும் கிராங்கையும் நாம் ஒவ்வொன்றாகச் சில்லறை விலையில் வாங்கினால், பாகங்களின் கூட்டுத்தொகை முழு சைக்கிளின் விலையைத் தாண்டிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கும் அதன் உதிரிப் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அது இரண்டுக்கும் பொதுவான குறைப்பு என்பதால் இந்த வித்தியாசத்தை மாற்றவில்லை. ஆகவே கையில் ஒன்றுமில்லாதவரிடம் கட்டச் சொல்லமாட்டேன். நான் பேசுவது, சென்னையில் டிஸ்க் பிரேக் வண்டிக்கு மாறிவிட்ட ஒருவர் விற்கும் பழைய அலுமினிய ஃபிரேமையோ, சக்கரம் போய் மூலையில் கிடக்கும் அண்ணனின் சைக்கிளையோ வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்காக. ஃபிரேம் அநேகமாக இலவசம் என்றாகிவிட்டால் கணக்கு மாறுகிறது. மிச்சமிருக்கும் செலவில் ஆகப் பெரியது சக்கரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை வந்து திரும்பும் கூட்டத்தைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகளின் ஆசை உருவாகிறது. ஐம்பது மில்லிமீட்டர் ஆழமுள்ள கார்பன் ரிம், இருபதோ இருபத்துநான்கோ தட்டைக் கம்பி, கடந்து போகும்போது எழும் அந்த உறுமல். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டிக்காரருக்கு வழியில் கம்பி உடைந்தால் வீட்டுக்குப் போன் செய்து கார் வரவழைக்க முடியும். மறுநாள் நகரத்தில் ஒரு கடையில் விட்டுவிடவும் முடியும். திருக்கழுக்குன்றத்திலிருந்து தினமும் செங்கல்பட்டுக்குப் போய் வருகிறவருக்கும், ஆடாக்ஸ் எனும் நெடுந்தூர ஓட்டம் ஒன்றில் பெயர் கொடுக்க ஆசைப்படுகிறவருக்கும் தேவை வேறு. பிரவே எனப்படும் அந்த ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்கு உலகெங்கும் தரும் நேரம் பதின்மூன்றரை மணி. வழியில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான சராசரி இருந்தால் முடித்துவிடலாம். இந்த வேகத்துக்கு மெதுவான சக்கரம் எதிரி இல்லை. உடையும் சக்கரம்தான் எதிரி.

இலகுவான சக்கரம் வேகமாக ஓடும் என்ற நம்பிக்கையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். ரிம்மில் இருக்கும் எடை நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். ஆகவே வேகமெடுக்கும்போது ரிம்மில் குறைத்த ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ இரண்டு கிராமுக்குச் சமம். ஓட்டுகிறவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். பெருஞ்செலவு செய்து இரண்டு ரிம்மிலும் சேர்த்து 300 கிராம் குறைத்தால் வேகமெடுப்பதில் 600 கிராம் குறைந்த பலன் கிடைக்கும். அது மொத்தத்தில் முக்கால் சதவீதம். ஒரே வேகத்தில் சமதரையில் போய்க்கொண்டிருக்கும்போது அந்தப் பலனும் அநேகமாக இல்லை. இதே 80 கிலோ மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும்போது டயர் தரையில் உருள்வதால் மட்டும் செலவாகும் சக்தியைப் பாருங்கள். நெகிழ்வான நல்ல டயருக்குச் சுமார் 22 வாட், விறைப்பான மலிவு டயருக்கு அதன் இரண்டு மடங்கு வரை போகலாம். அந்த வேகத்தில் காற்றைக் கிழிக்கவே எழுபது வாட் அளவில் தேவைப்படுகிறது. 120 வாட்டைத் தொடர்ந்து தர முடிகிற ஒரு புதியவரின் காலில் இருபது வாட் என்பது சின்னத் தொகை இல்லை. சக்கரத்தை மாற்றிப் பெற நினைப்பதில் பெரும்பகுதியை ஒரு ஜோடி டயர் தந்துவிடும்.

காற்றைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஊரில் அது மலைக்குப் பதில் இருக்கிறது. வேதகிரீஸ்வரர் மலைக்குப் படிக்கட்டுதான், சைக்கிளில் ஏற முடியாது. மற்றபடி செங்கல்பட்டிலிருந்து கடல் வரை பெரும்பாலும் தட்டைப் பூமி. நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழுந்தால் இங்கிருந்து மாமல்லபுரம் போகும் பதினைந்து கிலோமீட்டரும் எதிர்காற்று. மணிக்கு 10 கிலோமீட்டர் எதிர்காற்றில் அதே 25 வேகத்தைப் பிடிக்கக் காற்றுக்கான செலவு எழுபதிலிருந்து நூற்று நாற்பதுக்கு ஏறிவிடுகிறது. கடற்கரைச் சாலைக்குப் போய் வடக்கே திரும்பினாலோ அதே காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. ஆழமான ரிம்முக்கு ஆகாத காற்று அதுதான். லாரி ஒன்று பக்கத்தில் கடந்து, காற்று ஒரு கணம் மறைந்து திரும்ப அடிக்கும்போது முன்சக்கரம் இழுபடுவதை ஓட்டியவர்கள் அறிவார்கள். அனுபவசாலிகள் சமாளிப்பார்கள். முதல் ரோடு பைக்கில் அந்தப் பாடம் வேண்டாம் என்பது என் கருத்து.

இனி கம்பிக்கு வருகிறேன். சைக்கிள் சக்கரம் எப்படிப் பாரம் தாங்குகிறது என்பதை ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981-ல் வெளியான தன் புத்தகத்தில் கணக்கிட்டுக் காட்டினார். எல்லாக் கம்பியும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. பாரம் ஏறும்போது தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலுள்ள சில கம்பிகளின் இழுவிசை மட்டும் குறைகிறது. சக்கரம் உருண்டதும் திரும்ப ஏறுகிறது. ரோடு பைக் சக்கரம் கிலோமீட்டருக்குச் சுமார் 475 முறை சுற்றும். பத்தாயிரம் கிலோமீட்டரில் ஒவ்வொரு கம்பியும் நாற்பத்தேழு லட்சம் முறை தளர்ந்து இறுகியிருக்கும். கம்பி அளவு மீறிய பாரத்தால் அறுவது அபூர்வம். ஹப்பின் துளையில் வளைந்து நிற்கும் முழங்கைப் பகுதியில் களைப்புற்றுத்தான் உடைகிறது. கம்பி தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவு சற்றே அசைந்து கொடுக்கிறது, களைப்பு விரைகிறது. மலிவான சக்கரங்களின் குறை பெரும்பாலும் பொருளில் இல்லை. இயந்திரம் வேகமாகக் கோத்து, போதுமான இறுக்கமில்லாமல் அனுப்பிவிடுகிறது. அங்கேதான் குறை.

ஆகவே புதுச் சக்கரம் வந்ததும் ஓட்டாதீர்கள். டயரைக் கழற்றி, ரிம் டேப்பை எடுத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர் நிப்பிள் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். கம்பிகளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று சமமாக ஏற்றுவார். பின்சக்கரத்தின் செயின் பக்கத்தை நூறு கிலோவுக்குப் பக்கத்தில் கொண்டுவருவார்; விரலால் சுண்டினால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பிறகு இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் பிடித்து, உள்ளங்கை சிவக்கும் அளவுக்கு நெரிப்பார். ‘டிக்’, ‘டிக்’ என்று சத்தம் வரும். முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் விடுபட்டு, முழங்கைகள் தங்கள் இடத்தில் படியும் சத்தம் அது. மறுபடி பெண்டு பார்த்து, மறுபடி நெரித்து, சத்தம் நிற்கும்வரை இது நடக்கும். முன்னும் பின்னுமாக இரண்டு சக்கரத்துக்கும் அரைநாள் கூலி கொடுத்தாலும் தகும். இரண்டு மடங்கு விலையுள்ள சக்கரத்தை அப்படியே மாட்டி ஓட்டுவதைவிட இது நெடுநாள் உழைக்கும் என்பது நான் கட்டிய, பழுதுபார்த்த சக்கரங்களிலிருந்து எனக்குப் பட்டது.

கம்பிகளின் எண்ணிக்கையில் ஏன் பிடிவாதம் என்றால், 20 கம்பிச் சக்கரத்தில் ஒன்று போனால் ரிம் கோணி பிரேக் கட்டையில் உரசும், பல சமயம் ஃபிரேமிலேயே உரசும். பயணம் அங்கேயே முடிந்தது. 32-ல் ஒன்று போனால் பிரேக்கைக் கொஞ்சம் திறந்துவிட்டுக்கொண்டு வீடு வந்து சேரலாம். வளைவில்லாத நேர்க்கம்பியும் தட்டைக்கம்பியும் நம் கடைத்தெருவில் கிடைக்காது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸும் லூதியானாவிலிருந்து வந்த வண்டிகளும் முன்னால் 32, பின்னால் 40 என்று வளைவுக் கம்பி போட்ட சக்கரங்களில்தான் ஓடின. நம் மெக்கானிக்குகளின் கை அதில் பழகிய கை. 32 துளை ஹப்பை அவர் முன் வைத்தால் விளக்கம் தேவையில்லை. நீளம் மட்டும் வேறு. அதனால் சக்கரம் வாங்கும்போதே அதே நீளத்தில் நாலைந்து துருப்பிடிக்காத கம்பியை வாங்கி, பின்பக்கக் குழாயோடு டேப் சுற்றி ஒட்டி வைத்துவிடுங்கள்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்கள் நிப்பிளை அலட்சியமாக விடக் கூடாது. அலுமினிய நிப்பிள் பல நிறங்களில் வருகிறது, எடையும் குறைவு. இரண்டு சக்கரத்தின் 64 நிப்பிளிலும் சேர்த்துப் பித்தளையைவிட நாற்பது கிராம் அளவில் மிச்சம். ஆனால் உப்பு ஈரத்தில் அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த சக்கரங்களில் நிப்பிள் கம்பியோடு பூத்து இறுகிப்போய், சாவி போட்டுத் திருப்பினால் தலை மட்டும் கையோடு வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெண்டு எடுக்கவே முடியாத சக்கரம் எவ்வளவு இலகுவாக இருந்து என்ன? முலாம் பூசிய சாதாரண இரும்புக் கம்பியும் இதே காரணத்தால் வேண்டாம். நடுவில் மெலிந்து இரு முனையிலும் தடித்த கம்பி கிடைத்தால் நல்லது, ஏனென்றால் அதிர்ச்சியை நடுப்பகுதி வாங்கிக்கொண்டு முழங்கையைக் காப்பாற்றுகிறது. பணம் இடித்தால் இதை விட்டுவிடலாம், பித்தளையை விட முடியாது.

ஹப்பில் ஒரே ஒரு விதி: திருகிப் போடும் ஃப்ரீவீல் வேண்டாம், ஃப்ரீஹப் வேண்டும். பழைய வகையில் வலப்பக்கத்துப் பேரிங் உள்ளே தள்ளி அமைந்து, அச்சின் நீண்ட பகுதி ஆதாரமின்றி நிற்கும். பள்ளத்தில் விழுந்து விழுந்து அச்சு வளையும், சமயத்தில் உடையும். பேரிங்கை வெளிமுனைக்குத் தள்ளும் ஃப்ரீஹப்பை ஷிமானோ 1978-லேயே கொண்டுவந்துவிட்டது. மலிவு வண்டிகளில் இன்னும் பழையதே வருகிறது என்பதுதான் விசித்திரம். 11 ஸ்பீடுக்கான ஃப்ரீஹப்பை வாங்கி 1.85 மில்லிமீட்டர் வளையம் ஒன்றைப் போட்டால் 8 ஸ்பீடு கேசட்டும் அதில் உட்காரும், நாளைக்கு மாற்றவும் வழி இருக்கும். கோன், குண்டு வகை நல்லதா, அடைத்த பேரிங் நல்லதா என்பதில் நண்பர்களோடு எனக்கு ஒத்துவராது. கோன் வகையை இங்கே யாரும் கழற்றி கிரீஸ் வைப்பார்கள் என்பது என் கட்சி. அடைத்த பேரிங்கின் எண்ணைச் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் தருவார்கள் என்பது அவர்கள் கட்சி. இரண்டும் நியாயம்தான். மழையில் ஓட்டிவிட்டு வண்டியை அப்படியே சாத்திவைக்கும் சோம்பேறிக்கு அடைத்த பேரிங்கே உத்தமம்.

டயர் வாங்கும்போது பலர் சிக்கிக்கொள்ளும் இடம் அளவு. பஞ்சர் கடையில் தொங்கும் ‘28’ டயர், பழைய கறுப்பு சைக்கிளுக்கானது. அது உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். ரோடு பைக்கின் 700சி ரிம்முக்கு 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். ஒன்று மற்றதில் பொருந்தவே பொருந்தாது. டயர் ஓரத்தில் பொறித்திருக்கும் 622 என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அகலத்தில் 23-ஐ மறந்துவிடலாம். 28 சிறந்தது, ஆனால் பழைய காலிப்பர் பிரேக் பலவற்றுக்குள் அது நுழையாது, 25-தான் போகும். ரிம்மின் உள்ளகலம் கூடினால் அதே டயர் இன்னும் விரிந்து நிற்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

முள் தனிப் பிரச்சினை. செங்கல்பட்டுச் சாலையின் ஓரத்தில் சீமைக் கருவேலம் இருக்கும் வரை, பந்தயத்துக்கான மெல்லிய டயர் இங்கே சரிப்படாது. உள்ளே பாதுகாப்புப் பட்டை வைத்தது சில வாட் கூடுதலாகத் தின்னும், தின்னட்டும். டியூப் இல்லாமல் உள்ளே ‘பால்’ எனப்படும் அடைப்புத் திரவத்தை ஊற்றி ஓட்டுவதுதான் முள்ளுக்கு மருந்து என்கிறார்கள். ஓட்டை தானே அடைபடும் என்பது உண்மை. நம் வெயிலில் அந்தப் பால் சீக்கிரம் உலர்ந்துபோகும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் உண்மை. குறைந்த செலவு வண்டிக்கு டியூப்பே போதும் என்கிறேன். காற்றடிக்கும் வால்வு இன்னொன்று. ரோடு பைக் ரிம்மில் பெரும்பாலும் ஆறரை மில்லிமீட்டர் துளையும் மெல்லிய பிரெஸ்டா வால்வும் இருக்கும். வால்டியூப் போட்ட சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் காற்றடிக்கும் கடையில் அதை வைத்துக்கொண்டு முழிப்பார்கள். பித்தளையில் சின்ன அடாப்டர் ஒன்று விற்கிறது, அதை வால்விலேயே திருகி நிரந்தரமாக விட்டுவிடுங்கள்.

கியர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஷிமானோ கிளாரிஸ் 8 ஸ்பீடு போதும். சோராவோ டியாக்ராவோ மென்மையாக மாறும், ஆனால் அந்த விலை வித்தியாசத்துக்கு இரண்டு ஜோடி டயர் வரும். 8 ஸ்பீடு செயின் மலிவு. உப்பும் மணலும் செயினைத் தின்னும் ஊரில் அது முக்கியம். வழக்கமாகத் தரும் 11-28 கேசட்டைவிட 12-25 அல்லது 13-26 நம் சமதரைக்குப் பொருத்தம். முன்னால் 50, பின்னால் 11 பல் போட்டு நிமிடத்துக்குத் தொண்ணூறு முறை மிதித்தால் மணிக்கு ஐம்பதைத் தாண்டும். அந்த வேகம் இங்கே யாருக்கு வேண்டும்? எதிர்காற்றில் வேண்டியது நெருக்கமான பற்கள். 21-லிருந்து 24-க்குத் தாவாமல் 23-க்குப் போக முடிந்தால் கால் தாளம் கெடாது. ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போகிறவர் மட்டும் பெரிய கேசட் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளட்டும்.

டிஸ்க் பிரேக் ஆதரவாளர்களின் வாதத்தை நான் இதுவரை தள்ளிப்போட்டேன். வடகிழக்குப் பருவமழையில், மணலோடு கலந்த நீர் பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு ரிம்மை அரம்போல ராவுகிறது. டிஸ்க் இருந்தால் ரிம்முக்கு அந்தக் கேடு இல்லை. மழைக்கும் சேர்த்து வருடம் முழுக்க ஓட்டுகிறவர், புதிதாக ஃபிரேம் வாங்கப்போகிறவர் என்றால் டிஸ்க்கையே எடுக்கட்டும். பழைய ஃபிரேம் வைத்திருப்பவருக்கு அந்தத் தெரிவு இல்லை. அவர் பிரேக் கட்டையை மழைக்காலத்தில் அடிக்கடி கழற்றி, அதில் பதிந்திருக்கும் மணலையும் அலுமினியத் துணுக்கையும் ஊசியால் குத்தி எடுத்துவிட்டால் ரிம்மின் ஆயுள் நன்றாகவே நீளும். ரிம்மின் பக்கவாட்டில் தேய்மானக் குழி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டியதும் இதற்காகத்தான். குழி மறைந்தால் ரிம்மை மாற்ற வேண்டும். அப்போதும் ஹப்பும் கம்பியும் மிஞ்சும். 32 துளையில் அதே உயரமுள்ள ரிம்மைப் பழைய கம்பியிலேயே மாற்றிக் கோத்துவிடலாம்.

அதைக் கோக்க ஆள் வேண்டும் என்பதுதான் என் வாதத்தின் பலவீனமான இடம். மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வருவதால் ஊருக்கு ஊர் சைக்கிள் கடை இன்னும் இருக்கிறது. ஆனால் பெண்டு எடுப்பதில் கை தேர்ந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். இளையவர்கள் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் வேலைக்குப் போய்விட்டார்கள், அங்கேயும் இப்போது அலாய் சக்கரம். தொழிற்பயிற்சி நிலையங்களில் சக்கரம் கட்டுவதை ஒரு சிறு பாடமாக வைக்கலாம் என்று சொல்லிவருகிறேன். நடக்குமா என்பது வேறு. அதுவரை, பணத்தை எண்ணிக் கையில் எடுப்பதற்கு முன் உங்கள் ஊரில் சக்கரத்தை யார் கையில் கொடுப்பீர்கள் என்று பாருங்கள். வாங்க நினைக்கும் ரிம், ஹப்பின் படத்தை அவரிடம் காட்டி, கம்பி போனால் போட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள். பக்கத்தில் 622 டயரை யார் கடையில் வைத்திருக்கிறார்கள், எந்த அகலத்தில் என்பதையும் விசாரித்துவிட்டால் ரிம்மின் உள்ளகலம் தானாக முடிவாகிவிடும்.